உத்திரமேரூர் வரலாற்றை ஏரியிலிருந்து படிக்கலாம்

"பள்ளியில் உத்திரமேரூர் என்றாலே குடவோலை என்று படித்தோம். அதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர் என்னவாக இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது?" என்பது நீங்கள் அனுப்பிய கேள்வி. நல்ல கேள்வி. பாடப்புத்தகத்தில் இந்த ஊருக்குக் கிடைப்பது ஒரு பத்தி. குடம், ஓலை, சீட்டு எடுக்கும் சிறுவன், அதோடு சரி. ஒரு விவசாய ஊர் ஏன் இவ்வளவு கறாரான தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது என்று அந்தப் பத்தி சொல்வதில்லை. அதற்கான காரணம் ஊரை ஒட்டிக் கிடக்கும் ஏரி என்பது என் கருத்து. ஏரியைப் பிடித்துக்கொண்டு படித்தால் இந்த ஊரின் ஆயிரத்து இருநூறு வருடக் கதை ஒரே கோவையாக வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது உத்திரமேரூர். தாலுகா தலைநகரம், பேரூராட்சி. பஸ் நிலையம், தாலுகா ஆபீஸ், உரக்கடைகள், அரிசி மில்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து போகும் கூட்டம் என்று பார்வைக்குச் சாதாரண ஊர்தான். காவிரிக் கரை ஊர்கள் போல வருடத்தில் பல மாதம் ஆறு ஓடும் பூமி இல்லை. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் சில வாரம் புரண்டு ஓடும், அப்புறம் மணல். வடகிழக்குப் பருவமழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தினால் நெல் உண்டு, விட்டுவிட்டால் மானாவாரிதான். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க ஏரிகளாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு ஏரி நிரம்பி உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்கு.

உத்திரமேரூர் ஏரி இவற்றில் பெரிய ஏரிகளில் ஒன்று. அனுமந்தண்டலம் அருகே செய்யாற்றின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டிலிருந்து இதற்கு வரத்துக் கால்வாய் வருகிறது. ஏரித் தண்ணீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், பல கிராமங்களுக்குப் பரந்து கிடக்கிறது. கல்வெட்டுகளில் இதன் பெயர் வைரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இந்தப் பெயர் வருகிறது. அதாவது 9-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஏரி இருந்திருக்கிறது, அதற்குப் பெயர் இருந்திருக்கிறது, அதைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கும் ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

ஊர் உருவானது அதற்குக் கொஞ்சம் முன்னால். இரண்டாம் நந்திவர்மன் என்கிற பல்லவமல்லன் 8-ஆம் நூற்றாண்டில் இதைப் பிரமதேயமாக, அதாவது வேதம் படித்த பிராமணர்களுக்குக் கொடுத்த கிராமமாக, ஏற்படுத்தினான். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்று பெயர். தொண்டை மண்டலத்தின் காலியூர்க் கோட்டத்தில் இருந்தாலும், இது 'தன்கூற்று' ஊர். பெரிய ஊர் என்பதால் ஒரு நாட்டுப் பிரிவுக்குள் அடங்காமல் தனிக் கூறாக நின்றது.

நிலத்தை அவர்கள் பிரித்திருந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. ஏரியிலிருந்து வாய்க்கால்கள் ஒரு திசையில் ஓடும். அவற்றுக்குக் குறுக்கே வதி எனப்படும் பாதைகள். வாய்க்காலுக்கும் வதிக்கும் தனித்தனிப் பெயர். பரமேச்சுவர வதி, அவனிநாராயண வாய்க்கால் என்று தெய்வத்தின் பெயரோ அரசனின் பட்டப் பெயரோ வைத்திருப்பார்கள். இந்த இரண்டு கோடுகளும் வெட்டுவதால் விழும் கட்டங்களுக்கு, அதாவது கண்ணாறு, சதிரம் என்ற பிரிவுகளுக்கு, எண். எனவே ஒரு நிலத்தை விற்கும்போதோ கோயிலுக்கு எழுதி வைக்கும்போதோ "இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம்" என்று எழுதினால் போதும். எந்த வயல் என்பதில் சண்டைக்கு இடமில்லை. இன்றைக்கு நாம் சர்வே எண், உட்பிரிவு எண் என்று எழுதுவதன் வேலையை அந்த ஒரு வரி செய்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது, அந்த முகவரி முழுவதும் தண்ணீர் போகும் பாதையை வைத்து எழுதப்பட்டது. எந்த வாய்க்காலில் உனக்குத் தண்ணீர் என்பதும் உன் நிலம் எங்கே என்பதும் ஒரே சொற்றொடரில் வந்துவிடும்.

சரி, இப்போது குடவோலைக்கு வருவோம்.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் (919) ஒரு தீர்மானம், 14-ஆம் ஆட்சியாண்டில் (921) இன்னொரு தீர்மானம். இரண்டும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. இரண்டு முறையும் அரசனின் ஆணையோடு ஓர் அதிகாரி வந்து ஊர்ச் சபையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் தடவை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் தடவை சோமாசிப் பெருமான் என்று அழைக்கப்பட்ட ஒருவர். ஆகவே இது ஊர் தானாகவே கூடி எழுதியது மட்டுமில்லை. அரசு தூண்டியிருக்கிறது, ஊர் கூடி முடிவெடுத்திருக்கிறது. இரண்டே வருடத்தில் விதிகளைத் திருத்தியிருப்பதைப் பார்த்தால் முதல் ஏற்பாட்டில் ஏதோ தகராறு வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதலில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. திருத்தத்தில் 35 முதல் 70 வரை. தகுதியில்லாதவர்களின் பட்டியலும் திருத்தத்தில் நீண்டுவிட்டது.

முறை இதுதான். ஊர் 30 குடும்புகளாக, இன்றைய பேச்சில் 30 வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையை மேலே பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். ஊரில் பெரியவர், சிறியவர் எல்லாரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் தெரியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஒரு கட்டை எடுக்கச் செய்து, அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து அதே சிறுவனை ஓர் ஓலை எடுக்கச் செய்வார்கள். அதை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிப் படிக்க வேண்டும். படித்ததை அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் மறுபடி படிக்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாமே என்கிற சந்தேகம் வரை யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

இப்படி 30 குடும்புக்கு 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. இடையில் யார்மேலாவது குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்ற மற்ற இரண்டு குழுக்களுக்கும் தனியாகச் சீட்டு.

பாடப்புத்தகம் விட்டுவிடும் ஒரு வரி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மேலான குழுவாகிய சம்வத்சர வாரியத்துக்கு யாரை எடுப்பது? முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களிலிருந்தும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களிலிருந்தும் எடுக்க வேண்டும். ஏரிக்கரையில் நின்று மதகு, கலங்கல், தூர், கரை உடைப்பு என்று ஒரு வருடம் பார்த்த அனுபவத்துக்கு ஊர் நிர்வாகத்தில் அவ்வளவு மதிப்பு.

கணக்கு விஷயத்தில் இன்னும் கடுமை. ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அவர் மட்டுமா? சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, மாமனார், சகோதரியைக் கட்டியவர், மருமகன், மகன், அப்பா என்று சொந்தம் முழுவதையும் வரிசையாக எழுதி ஒதுக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் பினாமி என்பது எந்தெந்த உறவு வழியாக வரும் என்று அறிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருடம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் உண்டு.

ஏன் இத்தனை கறார்? ஏரி வாரியத்தின் கையில் இருந்தது என்ன என்று பார்த்தால் தெரியும். ஏரியில் தூர் எடுப்பதற்கென்று பலர் பொன் கொடுத்திருக்கிறார்கள். முதல் அப்படியே இருக்க, வட்டியில் வருடாவருடம் வேலை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எடுத்த மண்ணைக் கரைமேல் போட்டுக் கரையையும் பலப்படுத்த வேண்டும். ஏரிப் பராமரிப்பு என்றால் இவை இரண்டும்தான், இன்றும். வண்டல் படிந்து ஏரி மேடாகிவிட்டால் எவ்வளவு மழை பெய்தும் பிரயோஜனம் இல்லை. கலங்கல் வழியாகப் போய்விடும். நூறு வருடம் கழித்தும் வேலை நடக்க வேண்டிய ஒரு முதலீட்டை வருடா வருடம் மாறும் ஆறு பேர் கையில் கொடுக்கும்போது, கணக்குக் கொடுக்காதவனின் மருமகனைக்கூட உள்ளே விடாத விதி தேவைப்படத்தான் செய்யும்.

இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. இதே ஊரில் பொன்னின் மாற்று, அதாவது தரம், பார்ப்பதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தனியாக ஒரு தீர்மானம் உண்டு. மாட வீதியில் இருப்பவர்களில் சிலர், சேனையைச் சேர்ந்த சிலர், எண்ணெய் வணிகர்களான சங்கரப்பாடியாரில் சிலர் என்று அதற்குப் பகிர்ந்திருக்கிறார்கள். பொன்னை உரைகல்லில் உரைக்கும்போது கல்லில் ஒட்டும் துகளை மெழுகால் ஒற்றி எடுப்பது வழக்கம். அந்த மெழுகை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்? ஏரி வாரியத்துப் பெருமக்களிடம். கண்ணுக்குத் தெரியாத பொன் துகள்கூட ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்த ஊர் இது. இந்தக் கல்வெட்டைப் பற்றி அறிந்தபோதுதான் குடவோலையையே நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன்.

ஆனால் இதை ஜனநாயகம் என்று மட்டும் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. வாரியத்துக்கு வர வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வேலி என்பது இப்போதைய கணக்கில் சுமார் 6.6 ஏக்கர், எனவே கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும், நன்றாகக் கற்றிருந்தால் அரைக்கால் வேலியே போதும். இந்த வரம்புக்குள் வந்தவர்கள் பிரமதேயத்துப் பங்குதாரர்களான ஆண்கள் மட்டும்தான். பெண்கள் இல்லை. வயலில் இறங்கி நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், ஏரியில் இறங்கித் தூர் அள்ளிக் கூடையைத் தலையில் தூக்கியவர்கள் யாருடைய பெயரும் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. இந்த இடைவெளி பத்தாம் நூற்றாண்டோடு முடிந்துபோன விஷயமும் இல்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

சோழர்களுக்கு இந்தப் பக்கம் எப்போதும் நிம்மதியாக இருக்கவில்லை. 949-இல் தக்கோலத்தில் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் ராஷ்டிரகூடரோடு நடந்த போரில் இறந்த பிறகு தொண்டை மண்டலம் ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போனது. உத்திரமேரூரில் கன்னரதேவன் என்ற அவன் பெயரிலும் கல்வெட்டு இருக்கிறது. அதையடுத்துப் பார்த்திவேந்திரவர்மன் என்ற அரசன் பெயரில் ஏராளமாக இருக்கின்றன. அரசன் மாறுகிறான், சபை அதே சபைதான். நிலம் விற்கிறது, வரி நீக்கிக் கொடுக்கிறது, கோயில் விளக்குக்குப் பொன் வாங்கிக்கொள்கிறது, ஏரியைப் பார்க்கிறது. மேலே எந்தக் கொடி பறந்தாலும் மழை அக்டோபரில்தான் வரும், அதற்குள் கரையைச் சரிசெய்தாக வேண்டும் அல்லவா. பின்னால் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் ஊர் அவன் பெயரால் சதுர்வேதிமங்கலம் ஆனது. 13-ஆம் நூற்றாண்டில் தெலுங்குச் சோழரான கண்டகோபாலன் பெயரும் ஏறியது. பாண்டியர், சம்புவராயர், விஜயநகரம் என்று ஆட்சி கைமாறியது. கிருஷ்ணதேவராயர் காலத்திலும் இங்குள்ள கோயில்களுக்குக் கொடை வந்திருக்கிறது.

ஆனால் இந்தக் காலத்தில் சபையின் குரல் மெல்ல மெல்லக் கல்வெட்டுகளிலிருந்து குறைந்துபோகிறது. அதிகாரம் நாயக்கர்கள், பாளையக்காரர்கள், குத்தகை எடுத்தவர்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. வாரியம் போனது. பங்கு என்கிற ஏற்பாடு மட்டும் வேறு உருவில் தங்கியது. அதுதான் மிராசு.

மிராசு முறையை விளக்க ஒரு பத்தி தேவை, ஏனென்றால் செங்கல்பட்டு மாவட்டத்து விவசாயத்தின் பின்கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஊர் நிலம் மொத்தமும் பங்குகளாக எண்ணப்படும். பங்கு வைத்திருப்பவர் மிராசுதார், பெரும்பாலும் வேளாளரோ பிராமணரோ. வெளியூரிலிருந்து வந்து பயிர் வைப்பவர் பாயக்காரி. உழைப்பவர் படியாள், பெரும்பாலும் பறையர். நெல் அளக்கும்போது களத்திலேயே இவர்கள் ஒவ்வொருவருக்கும், கூடவே தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், ஏரித் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி ஆகியோருக்கும் இத்தனை படி என்று பங்கு உண்டு. ஏரி மராமத்துக்கும் அதில் ஒரு ஒதுக்கீடு. ஊரே சேர்ந்து இறங்கி வேலை செய்வதைக் குடிமராமத்து என்றார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் படியாள் விருப்பப்பட்டு இறங்கினாரா என்று யாரும் கேட்டதில்லை.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை எடுத்துக்கொள்ளும் மானியமாக, கொடுத்தார். கம்பெனி 1767-லிருந்து 1774 வரை சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தது. எத்தனை வீடு, எத்தனை ஏரி, களத்தில் யாருக்கு எவ்வளவு என்பதுவரை எழுதினார்கள். அது முடிந்து சில வருடத்தில், 1780-இல், ஹைதர் அலியின் படை வந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை தோற்றது. சுற்று வட்டாரம் நாசமானது. ஜனங்கள் ஓடிவிட்டார்கள், ஏரிகள் கவனிப்பாரில்லாமல் உடைந்தன. 1790-களில் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதையே முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற துரை அவர்தான். அவர் செய்தது வருவாய்க்காகத்தான், ஏரி இல்லாமல் வரி இல்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு போகப்போக ஏரி அரசாங்கத்தின் சொத்து, பொதுப்பணித் துறையின் பொறுப்பு என்று ஆனது. களத்தில் ஏரிக்கென்று ஒதுக்கிய நெல் வரிக்குள் கரைந்துபோனது. ஊருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு ஆபீஸ் வந்துவிட்டது.

1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சம் செங்கல்பட்டு மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகு மாவட்ட கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். இந்த மாவட்டத்துப் பறையர் மக்கள் நிலமில்லாமல், வீட்டு மனைகூடத் தங்களுடையது என்று சொல்ல முடியாமல் இருந்த நிலையை அதில் விவரித்தார். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு போட்டால் மிராசுதார்களுக்கே முதல் உரிமை என்று சொல்லி அவர்களுக்குக் கிடைக்காமல் செய்ததையும் எழுதினார். அதன் விளைவு 1892-இல் சென்னை அரசாங்கம் போட்ட ஆணை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து வருடத்துக்கு விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேதான் விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனதும், மீட்கக் கேட்டுப் போராடியபோது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்ததும் இதே மாவட்டத்தின் கதை. குடவோலைக் கல்வெட்டில் "கால் வேலி நிலம் உடையான்" என்று வரும் இடத்தில் நின்று ஆயிரம் வருடம் தள்ளி இந்தப் பக்கம் பார்த்தால் இதுதான் தெரிகிறது. உத்திரமேரூரின் வரலாற்றைச் சொல்பவர்கள் இதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

குடவோலைக் கல்வெட்டு வெளி உலகத்துக்குத் தெரிய வந்ததும் அந்தப் பஞ்சமி நில ஆணை வந்த காலத்தையொட்டித்தான். 1898-இல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். சில வருடத்தில் கல்வெட்டு அறிஞர் வெங்கையா அதை வாசித்து விளக்கி அச்சில் கொண்டுவந்தார். அப்புறம் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து பற்றி விவாதம் வந்தபோது உறுப்பினர் டி. பிரகாசம் இந்த ஊரையும் கல்வெட்டையும் குறிப்பிட்டுப் பேசினார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் மோடியின் பேச்சிலும் ஊர்ப் பெயர் வந்தது. அதே மாதம் இங்கே குழம்பேஸ்வரர் கோயிலைத் திருப்பணிக்காகப் பிரித்தபோது அரை கிலோவுக்கு மேல் பழைய தங்கம் கிடைத்தது. அதைத் தர மாட்டோம், கோயில் திருப்பணிக்கே வேண்டும் என்று ஊர் மக்கள் அதிகாரிகளிடம் வாதாடினார்கள். கடைசியில் அரசு எடுத்துக்கொண்டது. ஊரின் பொன்னுக்கு யார் பொறுப்பு என்கிற கேள்வி இந்த மண்ணில் மிகப் பழையது என்பதால் அந்தச் செய்தி எனக்கு மறக்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். விவசாயத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கே நெல் மூன்று பட்டம். ஆடியில் தொடங்கித் தை வரை சம்பா, மார்கழி, தையில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை நவரை, சித்திரையில் தொடங்கி ஆவணி வரை சொர்ணவாரி. ஏரி நிரம்பினால் சம்பாவுக்குக் கவலையில்லை. கார்த்திகை கடைசியில் டீக்கடைகளில் பேச்சு எல்லாம் "நவரைக்குத் தண்ணி நிக்குமா?" என்பதுதான். சொர்ணவாரி இப்போது கிணறும் போர்வெல்லும் உள்ளவர்களுக்குத்தான்.

அந்தக் கிணறுதான் ஏரியின் கதையில் கடைசிப் பெரிய திருப்பம். மின்சாரமும் பம்ப்செட்டும் வந்த பிறகு, அதுவும் 1960-களுக்கு மேல், மோட்டார் வைத்திருப்பவருக்கு மதகு எப்போது திறக்கிறது என்று காத்திருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. கட்டாயம் போனதும் வாய்க்கால் வெட்ட ஆள் வருவது குறைந்தது. ஆனால் ஏரி வற்றினால் சுற்றிலும் கிணறு இறங்குகிறது, இறங்கினால் போர் போட வேண்டும், போட்டால் இன்னும் ஆழம். ஏரியை விட்டு விலகிப் போக மோட்டார் உதவியது உண்மை, ஆனால் அந்த மோட்டார் இழுக்கும் தண்ணீரும் ஏரி ஊறிக் கொடுத்ததுதான். வரத்துக் கால்வாயில் ஆக்கிரமிப்பு, கால்வாய் முழுக்கக் கருவேலம், ஏரிக்குள் மண் மேடு என்று குறைகள் சேர்ந்துகொண்டே போயின. 2015 மழையில் இந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் போனபோது, எந்தக் கால்வாய் எங்கே அடைந்திருக்கிறது என்பது வெள்ளம் புகுந்த தெருக்களைப் பார்த்தே தெரிந்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பாசன விவசாயிகள் சங்கங்கள் மூலம் பல ஏரிகளில் வேலை நடந்தது.

ஆள் பற்றாக்குறை இன்னொரு பக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் கம்பெனி பஸ்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்கள்வரை வந்து பையன்களையும் பெண்களையும் ஏற்றிப் போகின்றன. தாலுகாவில் கல் குவாரிகளும் கிரஷர்களும் பெருகிவிட்டன, லாரிப் புழுதி வயலில் படிகிறது. அறுவடைக்கு மெஷின் வருகிறது. ஒரே வாரத்தில் எல்லா வயலும் அறுபட, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் நெல் குவிந்துகிடக்கும். தார்ப்பாய் போட்டு இரவு பகலாகக் காவல் இருப்பார்கள். ஈரப்பதம் கூடினால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயத்தில் காலையில் பிரித்துக் காயவைத்து, மாலையில் மூடி, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படித்தவர்கள் நிலத்தை விட்டுப் போகிறார்கள் என்று குறை சொல்ல எனக்கு வாய் வராது. படியாளின் பேரன் மாதச் சம்பளம் வாங்குவது இந்த ஊர் வரலாற்றில் நல்ல மாற்றம்.

நேரில் போக நினைத்தால்: காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு ஊரிலிருந்தும் பஸ் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் ஊருக்குள்ளேயே, பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. குடவோலை விதிகள் கருங்கல் அடித்தளத்திலும் சுவரிலும் வரிவரியாக இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும், உச்சி வேளையில் ஒன்றும் தெரியாது. தமிழும் வடமொழிச் சொற்களுக்குக் கிரந்தமும் கலந்த பழைய எழுத்து, எனவே அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் பிடிபடும். சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்கு விமானம், ஒவ்வொரு தளத்திலும் சந்நிதி, நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள். படியேறி மேலே போக விடுவார்கள். கைலாசநாதர் கோயிலையும் சுப்பிரமணியர் கோயிலையும் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் நேரம் இருந்தால் ஏரிக்கரைக்குப் போய் ஒரு மதகிலிருந்து புறப்படும் வாய்க்காலைப் பிடித்து வயல்வரை நடந்து பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் போவது நல்லது. சித்திரையில் போனால் ஏரிக்குள் மாடு மேய்வதைத்தான் பார்ப்பீர்கள்.